மலைக்குக் கால் நீட்டாத வகுப்பு

திருப்பதிக்குக் குடிவந்த புதிதில் என்னைக் குழப்பிய விஷயம் ஒன்றுதான்: என் யோகா வகுப்பில் யாரும் படுக்க மாட்டார்கள். நிற்பார்கள், வளைவார்கள், முட்டி வலித்தாலும் முக்கி முனகிச் செய்வார்கள். கடைசியில் சவாசனம் என்று நான் வாயைத் திறந்ததும் பத்துப் பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "பரவால்லேது மேடம்" என்று ஒரு சிரிப்பு. எங்கள் திருநெல்வேலியில் சவாசனத்துக்காகவே வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு. பாதியில் எழுப்பினால் கோபம் வேறு வரும். இங்கே படுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

கணவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்ததால் வந்தவள் நான். ஊரில் பன்னிரண்டு வருடம் யோகா டீச்சர். இங்கே இரண்டாம் மாடி எஞ்சினியரின் சம்சாரம், அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில் நடத்திய காலை ஆறு மணி வகுப்பு ஒன்றுதான் என்னை மறுபடி டீச்சர் ஆக்கியது. அதுவும் கரைந்தது. பத்து ஆறானது, ஆறு நாலானது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுப்பாராவ் ஒருநாள் சிரித்த முகமாகவே சொன்னார்: மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன், ஹால் நிறையாவிட்டால் அந்த நேரத்தை ஜும்பா வகுப்புக்குக் கொடுத்துவிடலாம். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

யோகாவில் விளையாட்டு என்பது எனக்கு ஆகாத சங்கதி. ஊரில் என் வகுப்பில் யாராவது சிரித்தால் முறைப்பேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் முறைத்தவர்தான். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? வந்த நாலு பேரை வைத்து ஆரம்பித்தேன். நான் கை தட்டியதும் ஒற்றைக்காலில் மரமாக நிற்க வேண்டும், ஆடியவர் அவுட். தலையில் எலுமிச்சம்பழத்தோடு நாற்காலி ஆசனம். ஜோடி ஜோடியாக நின்று ஒருவர் செய்வதை மற்றவர் கண்ணாடியில் தெரிவதுபோல் செய்வது. சிரிப்புச் சத்தம் மாடிப்படி வரைக்கும் போயிருக்கிறது. மறுநாள் வேடிக்கை பார்க்க மூன்று பேர் வந்து பாய் விரித்தார்கள். மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு பேர். ஊரில் என்னிடம் முறைப்பு வாங்கியவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.

சுப்பாராவ் வந்து வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏமண்டி, யோகாவா, ஆட்டலா?" என்றார் கிண்டலாக, யோகாவா விளையாட்டா என்று. இரண்டும்தான் என்று காட்ட, சேர்த்து வைத்திருந்த பெரிய விளையாட்டை எடுத்தேன். எல்லாரும் வட்டமாகப் படுத்து, கால்களை நடுவில் நீட்டி, காலாலேயே பந்தை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வயிற்றுக்கு நல்ல வேலை.

"வட்டமாப் படுங்க" என்றேன். வட்டம் வரவே இல்லை. கிழக்குச் சுவரோரம் ஆறு பேர், மேற்குச் சுவரோரம் ஆறு பேர், நெருக்கியடித்துப் படுத்தார்கள். தெற்கும் வடக்கும் காலி. தள்ளிப் படுங்கள் என்று தமிழிலும் அரைகுறைத் தெலுங்கிலும் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாகாலாவிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் கஸ்தூரி அக்கா ஒருவர்தான் என்னிடம் தமிழில் பேசுகிறவர். அவரைத் தெற்குப் பக்கம் போகச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா டீச்சர், அங்க படுத்தா காலு மலையப் பாக்கும். சாமிக்குக் கால நீட்டிக்கினு எப்பிடிப் படுக்கறது?"

"சரி, எதிர்ப் பக்கம் படுங்க."

"அது வடக்க தல. அத உங்க ஊர்லயே வெக்க மாட்டாங்களே!"

ஜன்னலைப் பார்த்தேன். வடக்கே மலை முழுசாகத் தெரிந்தது. வடக்கே தலை வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவள், முதல் நாளிலிருந்து எல்லோரையும் தெற்கே தலை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதாவது ஊர் ஜனத்தையே ஏழுமலையானுக்கு நேராகக் கால் நீட்டச் சொல்லியிருக்கிறேன்.

"ஏங்க்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"டீச்சருக்கு எப்பிடி சொல்றது? தெரிஞ்சேதான் சொல்றீங்கன்னு நெனச்சோம். அதான் படுக்கறதுக்கு முன்னாடியே எழுந்து போய்க்கினு இருந்தோம். சங்கடப்பட்டவங்க வர்றதையே நிறுத்திட்டாங்க."

வெட்கத்தில் காது சுட்டது. பாடம் மோசமில்லை, பாய் விரித்த திசைதான் மோசம் என்பதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். "வட்டமே வேண்டாம். இப்படியே இருங்க" என்று பந்தை நடுவில் போட்டேன். கிழக்கு வரிசைக்கும் மேற்கு வரிசைக்கும் போட்டி சூடு பிடித்தது. பந்து உருண்டு வாசலுக்குப் போனது. சுப்பாராவ் அதைக் காலாலேயே திருப்பி அனுப்பினார். இரண்டாவது முறை போனபோது கைக்கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டு வந்து மேற்கு வரிசைக் கடைசியில் படுத்துவிட்டார். "ரேப்பட்டி நுஞ்சி நேனு கூடா" என்றார், நாளையிலிருந்து நானும் என்று. ஜும்பா பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் சவாசனம் என்றேன். ஒருவரும் பாயைச் சுருட்டவில்லை. பதின்மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். நான் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்களும் படுங்க டீச்சர்" என்றார் கஸ்தூரி அக்கா, கண்ணைத் திறக்காமலே.

காலியாகக் கிடந்த தெற்குப் பக்கத்தில் பாயைக் குறுக்கே போட்டு, கிழக்கே தலை வைத்துப் படுத்தேன். வலது கைப் பக்கம் மலை. இடது கைப் பக்கம், எத்தனையோ ஊர் தாண்டி, திருநெல்வேலி. இரண்டும் எட்டாது. ஆனாலும் இரண்டு கையையும் விரித்தே வைத்திருந்தேன்.