கயசல்னு சொன்னேன், கலீஜ்னு எழுதிச்சு

எனக்கு வாய் நீளம்னு எங்க குப்பத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மீன் விக்கறவ வாயை மூடிக்கிட்டு உக்காந்தா மீனு நாறிப்போயிடும், அதனால அதை ஒரு குறையா நான் நெனச்சதே இல்ல. ஆனா சொன்ன வார்த்தைக்கு சண்டை வாங்கினவங்க உண்டு, சொல்லாத வார்த்தைக்கு வக்கீல் நோட்டீஸ் வாங்கினது திருவொற்றியூர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எங்க வாயில ழ நிக்காது. வாயப்பயம், மயை, கெயவி, அப்படித்தான் வரும். எழுதறப்ப ஒழுங்கா ழ போட்டுக்குவேன், இருக்குன்னு எழுதுவேன். பேசறப்ப கீதுதான். இந்தக் கதையே அந்த ழ-வாலதான் வந்துது.

ரோட்டோரம் எனக்கு மீன் கடை. கூடவே ஒரு வீடியோ சேனலும் இருக்கு. அது என் நாத்தனார் ஆரம்பிச்சு வெச்சது. அவளும் என் பக்கத்துலயே உக்காந்து மீன் வெட்டறவ. ஒருநாள், "அண்ணி, நீ மீன் வாங்க வர்ற கிராக்கிங்ககிட்ட கத்தறத நின்னு வேடிக்க பாக்கறானுங்க. இத போன்ல போட்டா ஊரே பாக்கும்"னா. போட்டா. பாத்தாங்க. செவுளைத் தூக்கிப் பாத்து நல்ல மீனு எப்படி வாங்கறது, ஐஸ்ல நாள்பட்ட மீனை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நான் பாட்டுக்குப் பேசுவேன். அம்பத்தூர்லேருந்தெல்லாம் தேடிக்கினு வந்து, "அக்கா, நீங்கதானே அது"ன்னு கேப்பாங்க. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கும். இல்லன்னு சொன்னா பொய்.

கீழ கமெண்ட்ல கலாய்க்கிறவங்களும் உண்டு. "இது எந்த ஊரு பாஷை, இது தமிழா"ன்னு ஒருத்தன் கேட்டிருந்தான். "உனக்கு புரிஞ்சுதா இல்லியா? புரிஞ்சா தமிழு"ன்னு பதில் போட்டேன். சினிமாவுல எங்க பேச்சை ரவுடிக்கும் காமெடிக்கும்தான் வெச்சிருக்காங்க. நான் அந்தப் பேச்சுலயே உக்காந்து நல்ல விஷயம் சொல்றேன், அதையும் ஆளுங்க கேக்கறாங்கன்னு எனக்குள்ள ஒரு தெனாவட்டு.

இப்ப கயசலுக்கு வர்றேன். வலையில பெரிய மீனோட சேந்து பொடிப்பொடியா எல்லாம் கலந்து வரும். காரப்பொடி மீனு, நெத்திலி, விரல் நீளத்துக்கு பேர் தெரியாத குட்டிங்க. அதுக்குப் பேரு கழசல். எங்க வாயில கயசல். கோழித் தீவனத்துக்குப் போறதும் உண்டு. ஆனா பொறுமையா பொறுக்கி, கழுவி, காய வெச்சா அந்த ருசி வஞ்சிரத்துக்கு வராது. விம்கோ நகர்ல ஒரு அண்ணாச்சி கடை இருக்கு. தெக்கத்திக்காரரு, இங்க வந்து முப்பது வருஷம் ஆச்சு. அவரு அந்தக் கழசலை வெச்சு ஒரு கருவாட்டுப் பொடி போடறாரு. சேலம், கோயம்புத்தூர் கடைக்கெல்லாம் பாக்கெட் போவுது.

அந்தப் பொடியைப் பாராட்டி ஒரு வீடியோ போட்டேன். பாராட்டித்தான் போட்டேன், அதை நல்லா கவனிங்க. பாக்கெட்டைக் கையில வெச்சுக்கினு சொன்னேன்: "நம்ம அண்ணாச்சி பொடில இன்னா கீது தெரியுமா? எல்லாம் கயசல்தாம்மா. கயசல்லதான் டேஸ்ட்டு கீது. வேற எவனும் இந்த மாரி போடமாட்டான்."

நாங்க சப்டைட்டில் போடறதில்ல. வீடியோ போடற கம்பெனியோட மிஷினே பேச்சைக் கேட்டு கீழ எழுத்து ஓட்டும். அது என்ன ஓட்டியிருக்குன்னு நாங்க ஒருநாளும் பாத்ததில்ல. நான் பேசினது எனக்கே தெரியாதா, அதை எதுக்குப் படிக்கணும்? அந்த மிஷினுக்கு கயசல் தெரியல. கலீஜ் தெரிஞ்சிருக்கு. கலீஜ்னா எங்க பேச்சுல அசிங்கம். "எல்லாம் கலீஜ் தாம்மா. கலீஜ்ல தான் டேஸ்ட் கீது. வேற எவனும் இந்த மாதிரி போடமாட்டான்"னு எழுதிடுச்சு. மிச்ச வார்த்தையெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு, அதான் வயித்தெரிச்சல்.

ஆபீசுலயும் பஸ்சுலயும் பாதி ஜனம் சத்தத்தை நிறுத்திட்டு எழுத்தைப் படிச்சுக்கினேதான் வீடியோ பாக்குதாம். யாரோ ஒரு புண்ணியவான் அந்த இடத்தை அப்படியே போட்டோ மாதிரி புடிச்சு குரூப்புல விட்டுட்டான். மீன்காரியே சொல்லிட்டா, பொடியெல்லாம் கலீஜாம். பத்து நாள்ல கோயம்புத்தூர் கடைக்காரன் பாக்கெட்டை வேணாம்னு திருப்பி அனுப்பிட்டான்.

அண்ணாச்சி ரெண்டு வேலை பண்ணாரு. வீடியோ மேல கம்பெனிக்குப் புகார் போட்டாரு. எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாரு. வீடியோவை கம்பெனி எடுத்துடுச்சு, எனக்கு ஒரு எச்சரிக்கையும் குடுத்துச்சு. அது ரெண்டாவது எச்சரிக்கை. முதல் எச்சரிக்கை நாத்தனார் சுறா வெட்டினதுக்கு. வன்முறைக் காட்சியாம். செத்த சுறாவை வெட்டினா வன்முறையாம், அதைக் கேட்டு அவ ஒரு நாள் பூரா சிரிச்சுக்கினு இருந்தா. மூணாவது வந்தா சேனலே காலி. நோட்டீஸ்ல என்ன இருந்துதுன்னா, பதினஞ்சு நாளுக்குள்ள "கலீஜ் என்று நான் கூறியது தவறு"ன்னு கையெழுத்துப் போட்டு மன்னிப்பு எழுதித் தரணும். இல்லன்னா அவதூறு வழக்கு, மறுபடியும் கம்பெனிக்குப் புகார்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்கிட்ட வஞ்சிரம் வாங்கற வக்கீலம்மா ஒருத்தங்க உண்டு. யானைக்கவுனி பக்கம் ஆபீஸ். நோட்டீசை எடுத்துக்கினு நானும் நாத்தனாரும் போனோம். அவங்க வீடியோவையும் பாத்தாங்க, நோட்டீசையும் படிச்சாங்க, அப்பால கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு சிரிச்சாங்க.

"சொன்னது நீங்க. எழுதினது மிஷின். பரப்பினது யாருன்னே தெரியல. ஆனா நோட்டீஸ் உங்க பேருக்கு"ன்னாங்க.

"அந்த மிஷினுக்கு அனுப்ப முடியாதாம்மா?"ன்னேன்.

"கம்பெனியைக் கேட்டா, நாங்க நடுவுல இருக்கறவங்க, மத்தவங்க போடறதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு சொல்லுவான். ஆனா இந்த எழுத்தை மத்தவங்க யாரும் போடல, அவன் மிஷின்தான் போட்டுது. அப்ப அது யாரு பேச்சு? இதுக்கு சட்டத்துல இன்னும் தெளிவா ஒரு பதில் இல்ல. உங்க கேஸ்ல அதைக் கேக்கலாம். கேட்டு முடிக்கறதுக்குள்ள உங்களுக்கும் வயசாயிடும், எனக்கும் வயசாயிடும்." அப்பறம் மெதுவா சொன்னாங்க: "ரெண்டு வரி மன்னிப்புதான். எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "நான் சொல்லாதத சொன்னேன்னு எதுக்கும்மா எயுதிக் குடுக்கணும்? இன்னிக்கு கையெயுத்து போட்டா, நாளைக்கு எங்காளுங்க வாயில இன்னா வந்தாலும் கலீஜ்னுதான எயுதுவான்? ஏற்கெனவே அப்படித்தான நெனச்சிக்கினு கீறான்." சேனல் போனா போவட்டும்னு சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. அது போவக் கூடாதுன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு.

கம்பெனியில குறை கேக்கறதுக்குன்னு ஒரு அதிகாரி இருக்கணும்னு சட்டம் இருக்காம். வக்கீலம்மா அவருக்கு மனு எழுதினாங்க. ரெண்டே நாள்ல பதில் வந்துது. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லைன்னு. எனக்கு என்னமோ அதையும் மிஷின்தான் எழுதியிருக்கும்னு சந்தேகம். புகார் குடுத்தவரே வாபஸ் வாங்கினா உண்டு, வேற வழியில்லன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. நேர்ல போய்ப் பேசுங்க, ஆனா சண்டை போடாதீங்க, கேக்காம எதையும் ரெக்கார்டு பண்ணாதீங்கன்னும் சொன்னாங்க. சண்டை போடாதீங்கன்னதை என்னைப் பாத்துச் சொல்லல, நாத்தனாரைப் பாத்துச் சொன்னாங்க. என்னைப் புடிச்சுக்கறது அவ வேலையாம்.

பதிமூணாவது நாள் காலைல விம்கோ நகருக்குப் போனோம். கடையில அண்ணாச்சியும் அவரு சம்சாரமும் இருந்தாங்க. என்னைப் பாத்ததும் அண்ணாச்சி மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

"இருபது வருசமா உன் தட்டுல மீன் வாங்கித் திங்கேன். என் பொடியப் போயி இப்படிச் சொல்லிட்டியேம்மா"ன்னாரு.

அவரு குரல்ல கோவத்தை விட வருத்தம்தான் இருந்துது. சண்டைக்குன்னு கட்டிக்கினு போனதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு. கம்பெனி எடுத்துட்டாலும் நாத்தனார் போன்ல அந்த வீடியோ இருந்துது. "அண்ணாச்சி, எயுத்தப் பாக்காத. கண்ண மூடிக்கினு கேளு"ன்னேன்.

கண்ணை மூடிக் கேட்டாரு. ரெண்டு தடவை கேட்டாரு.

"நீ கயசல்னுதாம்மா சொல்லுத. அது எனக்கு மொதல்லயே தெரியும். முப்பது வருசமா உங்க பேச்சக் கேக்கேன், எனக்குத் தெரியாதா? கோயம்புத்தூர்க்காரன் கேக்கலியே, படிச்சுல்லா பாத்தான். நீ எழுதித் தந்தா அத அவன்ட்ட காட்டலாம்னு பாத்தேன். எனக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லு."

எனக்கு பேஸ்தடிச்ச மாதிரி ஆயிடுச்சு. நான் சொல்லலன்னு தெரிஞ்சேதான் மனுஷன் நோட்டீஸ் விட்டிருக்காரு. காண்டாவணும். ஆனா அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கே, யாரு மேல காண்டாவறது?

நாத்தனார்தான் யோசனை சொன்னா. "அண்ணாச்சி, மன்னிப்பு எதுக்கு? பொடி நல்ல பொடின்னு நீங்களே உங்க வாயால ஒரு வீடியோ பேசுங்க. நாங்க எடுத்துத் தரோம். மொதல்ல நாம மட்டும் பாக்கற மாரி ஏத்தறேன். நல்லாக்கீதுன்னா கோயமுத்தூருக்கு அனுப்புங்க."

அவரு சம்சாரம் உள்ள போய் வெள்ளைச் சட்டை எடுத்துக்கினு வந்தாங்க. அண்ணாச்சி தலை வாரிக்கினு, பாக்கெட்டை நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்கினு நின்னாரு. அவரு தமிழ் சுத்தமான தமிழ். ழ எல்லாம் வழுக்கிக்கினு வரும். மிஷினுக்குப் புரியாம போவ சான்சே இல்லன்னு நானே நெனச்சேன். "எங்க பொடி சுத்தம். மண்ணு கெடயாது. கல்லு கெடயாது. நம்பி வாங்கலாம்." அவ்ளோதான் பேசினாரு.

நாத்தனார் ஏத்தினா. டீ வந்துது, குடிச்சோம். எழுத்து வந்துடுச்சுன்னு போனை அண்ணாச்சி சம்சாரத்துக்கிட்ட குடுத்தா. அவங்க கண்ணாடியைப் போட்டுக்கினு சத்தமாப் படிச்சாங்க.

"எங்க பொடி சுத்த மண்ணு. கடையது கல்லு. கடையது நம்பி வாங்கலாம்."

படிச்சுட்டு, திரும்ப ஒருதரம் மனசுக்குள்ள படிச்சாங்க. அப்பறம் கல்லாவுல கையை ஊனிக்கினு குலுங்கிக் குலுங்கி சிரிச்சாங்க. அண்ணாச்சி போனைப் புடுங்கிப் பாத்தாரு.

"ஏட்டி, நானா இப்படிச் சொன்னேன்?"

"உங்க வாயிதான அசையுது"ன்னாங்க அவங்க.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு நாள் கீது. நோட்டீஸ இப்ப யாருக்கு அனுப்பலாம்? உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கினீங்கன்னா தபால்காரருக்காவது அலைச்சல் மிச்சம்"னேன்.

முதல்ல மொறைச்சாரு. அப்பால மீசைக்குக் கீழ சிரிப்பு வந்துடுச்சு. வந்ததுக்கப்பறம் நிக்கல. நாங்க நாலு பேரும் சிரிச்ச சிரிப்புல எதுத்த கடைக்காரரு எட்டிப் பாத்தாரு.

சிரிச்சு முடிச்சுட்டு, கடை பேரு போட்ட காயிதம் ஒண்ணை எடுத்தாரு. கம்பெனிக்கு ஒண்ணு, கோயம்புத்தூருக்கு ஒண்ணு, அவரே கைப்பட எழுத உக்காந்தாரு. புகாரை வாபஸ் வாங்கறேன், இந்தம்மா எங்க பொடியைத் தப்பா எதுவும் சொல்லல, அவங்க சொன்ன வார்த்தைன்னு எழுதி, அங்க பேனா நின்னுடுச்சு.

"ழ போட்டு எழுதுங்க அண்ணாச்சி, அதான் கரெக்டு"ன்னா நாத்தனார். எனக்கும் சரின்னுதான் பட்டுது. பெரிய எடத்துக்குப் போற லெட்டரு, நம்ம கொச்சையெல்லாம் எதுக்கு.

அண்ணாச்சி தலையை ஆட்டினாரு. "அவ அப்படிச் சொல்லலியே. அவ சொன்னதத்தான எழுதணும்." அப்பறம் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக்கினே எழுதினாரு. க, ய, ச, ல். அதுக்குக் கீழ கையெழுத்து, அதுக்குப் பக்கத்துல கடை முத்திரை.

எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்தோஷத்துலதான். எங்க பேச்சு இதுவரைக்கும் எந்தக் காயிதத்துலயும் முத்திரையோட நான் பாத்ததில்ல. நாத்தனார் என்னைப் பாத்துட்டு, "இன்னா அண்ணி, மூக்கு ஒயுகுது, ஜல்பு புடிச்சிக்கிச்சா?"ன்னா. ஆமான்னேன்.

வீடியோ திரும்ப வந்துடுச்சு. அந்த எச்சரிக்கையையும் எடுத்துட்டாங்க. வக்கீல் நோட்டீசையும் அண்ணாச்சி திருப்பி வாங்கிக்கினாரு. சுறா எச்சரிக்கை மட்டும் அப்படியேதான் இருக்கு, சுறா சார்பா யாரு வாபஸ் வாங்கறது? இப்பல்லாம் மிஷினை நம்பறதில்ல, நாத்தனாரே உக்காந்து எழுத்து போடறா. நான் கீதுன்னா கீதுன்னே போடறா.

கோயம்புத்தூர்க்காரரு லெட்டரைப் பாத்துட்டு மறுபடியும் பொடி கேட்டாரு. கேக்கறப்ப "அந்த கயசல் பொடி"ன்னு கேட்டாராம். போன மாசம் அண்ணாச்சி புது பாக்கெட் அடிச்சாரு. மேல பெருசா "கயசல் பொடி"ன்னு போட்டிருக்கு. அதை வெச்சு நான் ஒரு வீடியோ போட்டேன். கீழ ஒருத்தன் வந்து, "தலைப்பிலேயே எழுத்துப்பிழை. இவர்களுக்குத் தமிழே தெரியாது"ன்னு எழுதியிருந்தான். நான் புடவையைச் சொருகிக்கினு பதில் எழுத உக்காந்தேன். அதுக்குள்ள அண்ணாச்சி எழுதிட்டாரு.

"பிழை இல்லை தம்பி. அவங்க அப்படித்தான் சொன்னாங்க. நான் என் காதால கேட்டேன்."