ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த குளிர்

எங்கள் ஊர் சாம்பியன் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறிவிட்டால் கையைக்கூடத் தூக்க முடியாது. பெண்கள் பெட்டியில் யார் எங்கே நிற்பது என்பதும் எங்களுக்குள் பழகிப்போன ஒன்று. என் இடம் கதவோரக் கம்பி.

அன்று பங்காரப்பேட்டை தாண்டியதும் குளிரெடுத்தது. சுற்றிலும் எல்லாருக்கும் வியர்க்க, எனக்கு மட்டும் பற்கள் கடகடவென அடித்துக்கொண்டன. இறங்க வழியில்லை, மயங்கி விழக்கூட இடமில்லை. இனி உடம்பு கொதிக்கும், மதியம் ஆபீசில் கொட்டக் கொட்ட வியர்க்கும், சாயங்காலம் காய்ச்சல் வந்த சுவடே இருக்காது. முன்பும் அப்படித்தான் போயிருந்தது. லீவு கேட்கப் பயந்து மாத்திரையில் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் என் தோளை ஒட்டி நிற்கும் ஓர் அக்கா முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"இன்னாம்மா, முந்தாநேத்தும் இதே இடத்துலதான நடுங்கின?"

"அது அன்னிக்கே போயிடுச்சுக்கா. நேத்து நல்லாத்தான் இருந்தேன்."

"அதான் பயமா கீது. ஷிப்ட் போட்ட மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தா மலேரியாவா இருக்கும்மா. எங்க தம்பிக்கும் இப்படித்தான். வேர்த்துடுச்சு, போச்சுன்னு விட்டுட்டோம். இப்ப அவன் இல்ல."

வொயிட்ஃபீல்டில் கூட்டத்தை விலக்கி என்னை இறக்கியவர், தன் வேலையை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கும் கூடவே வந்தார். மலேரியாதான்.

குணமாகி மறுபடி அந்தக் கம்பியைப் பிடித்த நாளில், நெரிசலுக்குள் கையை எப்படியோ உருவி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுநாளும் தொட்டார்.

"நேத்துதான் பாத்தீங்களேக்கா."

"அது நேத்து," என்றார்.

மூச்சு முட்டும் அந்த நெரிசலை இப்போது நான் திட்டுவதில்லை. அவ்வளவு ஒட்டி நின்றதால்தான் என் நடுக்கம் ஒருத்தருக்குத் தெரிந்தது.