அமாவாசை அண்ணாந்து பார்ப்பதில்லை

வாணத் திரியில் ஊதுபத்தியை வைத்ததும் வாணக்காரர் அமாவாசை முதுகைத் திருப்பிக்கொள்கிறார். வாணம் சீறிக்கொண்டு ஏறுகிறது. அரும்பாவூர்த் திருவிழாக் கூட்டம் மொத்தமும் வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்க, வாணம் விட்டவர் மட்டும் இருட்டிக் கிடக்கும் மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். சற்றுப் பொறுத்து, தட்டைகளுக்குள் ஏதோ சொத்தென்று விழுகிறது.

"வந்துருச்சு" என்கிறார், வெளியூர் போனவர் வீடு திரும்பியதைச் சொல்வதுபோல.

விடிந்ததும் காட்டுக்குள் புகுந்து, கரிந்த குழல்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். "எலும்பு பொறுக்குற மாதிரி இது என்னா பழக்கம்? வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க" என்று மனைவி சின்னப்பிள்ளை தலையில் அடித்துக்கொள்வார்.

"நான் வுட்டது. எங்க வுழுந்துச்சுன்னு நான் பாக்க வேணாமா?"

முன்பெல்லாம் மனிதர் இப்படியில்லை. மகன் முத்தமிழ் கட்டட வேலைக்கு வளைகுடா போனான். அங்கே சண்டை மூண்டது. அவன் ஒரு வீடியோ அனுப்பினான்: தரையிலிருந்து தீக்கோடுகள் கிளம்பி, வானத்தில் வளைந்து வளைந்து எதையோ தேடின.

"நம்ம வாணமாட்டமே இருக்கேடா" என்றார் போனில்.

"அதேதாம்ப்பா. கெட்டியா எறுக்குன வெடிமருந்து. குழாய்க்குள்ளயே வருசக்கணக்கா காத்துக் கெடக்கும். எதிரி ராக்கெட் வந்தா பொத்தான அமுக்குனா போதும். பத்துனப்பறம் நிறுத்த முடியாது. ஆனா இதுக்குக் கண்ணு இருக்கு, தேடிப் போயி மேலயே அடிச்சுரும். பயப்படாதீங்க."

மருந்தின் சுபாவம் அமாவாசைக்குத் தெரியும். அது சீக்கிரமே எரிந்து தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் வெற்றுக் குழல் வெளிச்சமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

"அடிச்சுது, சரி. அடிச்சதும் அடிபட்டதும் எங்கடா வுழுவுது?"

முத்தமிழ் சிரித்தான். "தெரியலப்பா." அந்தச் சிரிப்பு அப்பனின் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

போன மாதம் பூலாம்பாடியில் சாமி புறப்பாடு. ராத்திரி பத்து மணிக்கு வாணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது மகன் வீடியோவில் கூப்பிட்டான். மொட்டை மாடியில் நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு தீக்கோடு ஏறியது, அணைந்தது, எங்கோ உச்சியில் பளிச்சென்று வெடித்தது.

"பாருங்கப்பா, அடிச்சுருச்சு!"

"உள்ள போடா! கூரைக்குக் கீழ போ, சாமி!"

மேளச் சத்தத்தில் அவன் காதில் எதுவும் விழவில்லை. வெடித்த இடம் மறுபடி இருண்டது. அவன் இன்னும் அண்ணாந்து சிரித்துக்கொண்டே நின்றான். அமாவாசை மருந்து படிந்த உள்ளங்கையைக் கவிழ்த்து, திரையில் மகனின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.