அண்ணனின் பட்டம்

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது அண்ணனின் கிளாக்கர் வேலையும் போயிற்று. பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே ஒரு வாய்த்தர்க்கத்தில் கங்காணியை இரும்புக் கொக்கியால் அடித்துவிட்டார். அந்த மனிதருக்கு ஒரு கண் போனது. அண்ணன் தண்டனை பெற்று மறியலுக்கு, சிறைக்குப் போனார்.

அங்கிருந்த ஜெயிலர் ஒருவர் அவரை, பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே பரீட்சை எழுதும் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கவிட்டார். அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து நானும் அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்த புத்தகங்களை ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். காவலர் மட்டையைக் கிழித்துப் பார்த்துவிட்டே உள்ளே விடுவார். எனக்குப் பிடிபடாத பொருளியலை அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று விளங்கப்படுத்துவார்.

பரீட்சை கொழும்பில். அண்ணனை விலங்கோடு கூட்டிவந்தார்கள். எழுதுகிற கையை மட்டும் கழற்றிவிட்டு, இடக்கையை மேசைக்காலோடு பூட்டினார்கள். பக்கத்திலிருந்தவர்கள் வேறிடம் கேட்டு எழும்பிப் போனார்கள். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன்.

"கைதியோட கதைக்க ஏலாது, பிள்ளை. போய் இருங்கோ," என்றார் மேற்பார்வையாளர்.

அண்ணன் இரண்டாம் வகுப்பில் தேறினார். நான் ஒருபடியாகத் தேறினேன். எனக்கு உடனே ஆசிரியை நியமனம் கிடைத்தது.

விடுதலையானதும் அவரும் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத்தில் பாடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். யாரை அடித்தீர், ஏன் அடித்தீர் என்பதுதான் கேள்வி.

"படிச்சது நல்லதுதான், தம்பி. அதுக்காகப் பிள்ளையளை உம்மட்ட விட ஏலுமோ?"

"அப்ப என்னத்துக்கு என்னைப் படிக்கவிட்டனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம்.

கடைசியில் கிண்ணியா முதலாளி ஒருவர் மரம் அறுத்து விற்கும் தன் மரக்காலையில் காவல் வேலை கொடுத்தார். அவர் ஒருவர்தான் எதையும் துருவிக் கேட்காதவர். பள்ளிக்கூடத்தில் என்னை "பட்டதாரி ரீச்சர்" என்று மேடையேற்றினார்கள். ஒவ்வொரு கைதட்டலும் எனக்குக் கசந்தது.

சில வருடங்களின் பின், அண்ணனோடு மறியலில் இருந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். தன் தம்பி இப்போது உள்ளே இருக்கிறான், பட்டத்துக்குப் படிக்க ஆசைப்படுகிறான் என்றார்.

"படிச்சால் பிரயோசனம் இருக்கோ, அண்ணை?"

அண்ணன் அலுமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஓம், படிக்கச் சொல்லு. உள்ளுக்கு இருக்கிறமட்டும் அவனை மனுசனா வைச்சிருக்கும். வெளியில வந்தாப்பிறகு என்னெண்டு என்னட்டக் கேளாதை."

பிறகு எழும்பி, அலுமாரியிலிருந்த மட்டை கிழிந்த புத்தகங்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு அவரிடம் கொடுத்தார்.