நாற்காலியில் உட்கார்ந்தே மலையேறிய சின்னக்கருப்பு

போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் சின்னக்கருப்புவுக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மலைத் தோட்டங்களிலிருந்து மூட்டை இறங்கியதும் ஒரு கை அள்ளுவார், நிறம் பார்ப்பார், காதருகே வைத்துக் குலுக்குவார். இன்னும் இரண்டு மணி நேரம் சூடு வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த மூட்டைக்கு அப்பீல் கிடையாது. அவருக்கு மேலே இருந்த ஒரே நீதிமன்றம் அவருடைய மனைவி கருத்தம்மாள். அந்த அம்மாள் பிறந்த ஊர், வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பை.

ஒரே மகள் ஹேமாவதி, லடாக்கில் லே என்ற ஊரில் மத்திய அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்ட சின்னக்கருப்புவுக்கு ஒரே ஒரு ஆசை. தன் மகள் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்துவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

2007 மே மாதம் அந்த ஆசையோடு தனியாகவே விமானம் ஏறினார். லே பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். டெல்லியிலிருந்து வருகிறவரை விமானம் ஒன்றே கால் மணி நேரத்தில் அங்கே தூக்கிப் போட்டுவிடும். உடம்புக்கு விஷயம் புரிய இரண்டு நாளாகும். அதுவரை படுத்தே இருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். வாராவாரம் ஜீப்பில் போடிமெட்டு ஏறுகிற தனக்கா மலையைப் பற்றிப் பாடம் என்று அப்பா கேட்டார். போடிமெட்டு நாலாயிரத்துச் சொச்சம் அடிதான் என்று கணக்கு டீச்சர் விளக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அவர் கடைத்தெருவைப் பார்வையிடப் போனார்.

சாயங்காலம் தலை பிளந்தது. வாந்தி. உதடு நீலம் பாரித்தது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன், மறுநாள் காலை டெல்லி விமானம். லடாக்கில் அவர் நிதானமாகப் பார்த்தது ஒரு வீட்டின் கூரையையும் ஓர் ஆஸ்பத்திரியின் கூரையையும் மட்டுமே. அங்கன தண்ணி ஒத்துக்கிறலை என்று தெருவில் அறிக்கை வெளியிட்டார்.

டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இனி வரக்கூடாது என்று ஹேமாவதி உத்தரவு போட்டாள். அடுத்த வருஷம் ஜூலையில் அவளுக்கு மாறுதல் வேறு. 2008 ஜூனை விட்டால் அந்தக் கரும்பலகை போய்விடும்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்த, சின்னக்கருப்புவின் அக்கா மகன் வேல்பாண்டி ஒரு பார்சல் அனுப்பினான். அவன் மலையேறும் சங்கத்து உறுப்பினன். பார்சலில் அவன் பயன்படுத்திய பழைய கருவி இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிய பிளாஸ்டிக் குழல்கள், கடித்துக்கொள்ள ஒரு வாய்ப்பூட்டு, மூக்குக்கு ஒரு கிளிப், விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று எண் காட்டும் ஒரு சின்னப் பெட்டி. விட்ட மூச்சையே கொஞ்சம் திரும்ப இழுக்க வைப்பதுதான் தந்திரம். ஆக்சிஜன் குறையும், உடம்பு மலையில் இருப்பதாக நினைத்துப் பழகும். விட்ட மூச்சிலுள்ள கெட்ட காற்றான கரியமில வாயுவைக் குடித்துக்கொள்ள, ஒரு குழல் நிறைய வெள்ளைக் கல் குருணை இருந்தது.

வேல்பாண்டி விதிமுறைகளை இன்லண்ட் லெட்டரில் தமிழில் எழுதியிருந்தான். டாக்டரைப் பார்க்காமல் தொடக்கூடாது. உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஆறு நிமிடம் குழலில் மூச்சு, நாலு நிமிடம் சும்மா மூச்சு. எண் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் கூடாது. கல் ஊதாவாக மாறினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

டாக்டர் அன்னத்தாய் இதயத்தைப் படமெடுத்து, ரத்தம் பார்த்து, வேல்பாண்டியின் தாளை இரண்டு முறை படித்தார். இதனால் பெரிதாகப் பலன் ஒன்றும் இருக்காது, ஆனால் தாளில் உள்ளபடி செய்தால் கெடுதலும் இல்லை என்று அனுமதித்தார்.

தினமும் காலை ஏழு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் மலையேற்றம் தொடங்கியது. எதிரே முக்காலியில் கருத்தம்மாள், மடியில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு எண்ணை அறிவிப்பார். தொண்ணூத்தி நாலு, தொண்ணூறு, எண்பத்தேழு. பக்கத்து வீட்டு ஜக்கம்மா இரண்டாம் நாளே வந்து பார்த்துவிட்டு, மேகமலைக்கு பஸ் ஏறினால் ஓசியில் கிடைக்கிற காற்றுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டாள். வாய்ப்பூட்டைக் கடித்திருந்ததால் சின்னக்கருப்புவால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய மணவாழ்க்கையில் கருத்தம்மாள் ரசித்த ஆறு நிமிடங்கள் இவைதான் என்று தெருவில் பேச்சு.

பத்தாம் நாள் குருணை ஊதாவாகிவிட்டது. அடுத்த டப்பா பார்சலில் வர ஒரு வாரம் ஆகும். ஏன் தூக்கிப் போட வேண்டும் என்று வேல்பாண்டி எழுதவில்லை. காரணம் சொல்லாத விதியை மதிக்கிற வழக்கம் சின்னக்கருப்புவிடம் இல்லை. ஈரக் காய் வந்தால் யாராவது குப்பையில் கொட்டுவார்களா? காய வைப்பார்கள். குருணையைச் சுளகில் பரப்பி மொட்டை மாடி வெயிலில் வைத்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஊதா மறைந்து பளிச்சென்று வெள்ளை. விஞ்ஞானிகளுக்குத் தோன்றாத ஒன்று கிட்டங்கிக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஆராய்ச்சியை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதிசயம் நடந்தது. வழக்கமாக எண்பத்தேழுக்கு இறங்குகிற எண், நாலாவது நிமிடத்திலும் தொண்ணூற்று நாலிலேயே நின்றது. நுரையீரல் பக்குவமாகிவிட்டது என்று சின்னக்கருப்பு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஆனால் கருத்தம்மாள் எண்ணைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை, முகம் செவசெவ என்றிருந்தது, நெஞ்சுக்கூடு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாயிலிருந்து குழலைப் பிடுங்கினார்.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு, ஆத்தா. எண்ணு நல்லாத்தான இருக்கு" என்றார் சின்னக்கருப்பு, மூச்சு வாங்க.

"எண்ணு நல்லாயிருக்கு. நீங்க நல்லா இல்லையே. ஓடுன நாய் மாதிரி இரைக்கிறீக."

"தலை லேசா வலிக்கு. அம்புட்டுதான்."

அந்தத் தலைவலியில்தான் உண்மை வெளியே வந்தது. சுளகு, மொட்டை மாடி, வெயில் எல்லாவற்றையும் அவர் ஒப்புக்கொண்டார். ஊதா வெள்ளையாகிவிட்டது, அதாவது பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று வாதாடினார். கருத்தம்மாள் குழலைத் திறந்து இரண்டு குருணையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார்.

"நம்ம ஏலக்காயி வெயில்ல கிடந்து வெளுத்தா, தரம் கூடிருச்சுன்னா சொல்லுவீக?"

சின்னக்கருப்பு அந்தக் குருணையை வாங்கி நிறம் பார்த்தார். வெயிலில் வெளுத்த காயைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய சரக்கு தள்ளுபடியானது.

பதினோரு மணிக்கு இருவரும் டாக்டர் முன்னால் இருந்தார்கள். கெட்ட காற்றைக் குடித்து முடித்த கல்தான் ஊதாவாகும். கொஞ்ச நேரம் சும்மா வைத்தாலே நிறம் திரும்பிவிடும், ஆனால் வேலை செய்யும் சக்தி திரும்பாது என்று அன்னத்தாய் விளக்கினார். கெட்ட காற்று கூடினால் உடம்பு பயந்து வேகமாக மூச்சிழுக்கும், அதில் ஆக்சிஜன் எண் ஏறித்தான் காட்டும். விரல் பெட்டிக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும், கெட்ட காற்று தெரியாது. பக்கத்தில் ஆள் வேண்டும் என்று எழுதியிருப்பது எண்ணை வாசிக்க மட்டுமல்ல.

"அப்ப நான் லேவுக்குப் போக முடியாதா, டாக்டர்?" சின்னக்கருப்புவின் குரல் இறங்கியிருந்தது.

"போகலாம். புதுக் கல் வந்தா மட்டும் இதைச் செய்ங்க, இல்லாட்டி விடுங்க. நான் மாத்திரை எழுதித் தாரேன். ஆனா போன தடவை உங்களைச் சாய்ச்சது நுரையீரல் இல்லை. கால். அங்கன இறங்கி ரெண்டு நாள் படுத்துக் கிடப்பீங்களா? அதைச் சொன்னா கையெழுத்துப் போடுறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். படுத்துக் கிடக்க வைப்பதற்கு நானும் போறேன் என்று கருத்தம்மாள் சொன்னார். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் இரண்டாம் வாரம் இருவரும் லேவில் இறங்கினார்கள். நாற்காலியில் ஒரு நிமிடம்கூட மலையேறாத கருத்தம்மாள் வந்ததும் படுத்தார், லேசான தலைவலியோடு தப்பித்தார். சின்னக்கருப்புவும் படுத்தார். கட்டிலை விட்டுக் கால் இறங்கும்போதெல்லாம் அது திரும்ப மேலே ஏற்றப்பட்டது. ஜன்னல் வழியே தெரிந்த மலையில் ஏன் ஒரு மரம்கூட இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட நேரம் போக, அவளும் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊருக்கு வந்த லீவுகளில் இவ்வளவு பேசியதில்லை.

மூன்றாம் நாள் காலை, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்தாள் ஹேமாவதி. பின்னம். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு நாலாகப் பிரித்தாள். பாடம் இந்தியிலும் இங்கிலீஷிலும் நடந்தது. சின்னக்கருப்புவுக்கு வட்டம் மட்டும் புரிந்தது. பக்கத்துப் பையன் தன் நோட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தான். அவர் முழுப் பாடத்தையும் அந்த நோட்டிலிருந்து கையிலிருந்த துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

மணி அடித்ததும் ஹேமாவதி வந்து, சீட்டை வாங்கிப் பார்த்து, மூன்றாவது கணக்கைச் சுழித்தாள்.

"இது தப்புப்பா. நாளைக்கு வந்து திருத்திக் காட்டுங்க."