என் மென்பொருளின் ஒரே பயனர்

பகலில் கேளம்பாக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு உழைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் உலகத்துக்கு இலவசமாக உழைப்பவன் நான். ஒரே கோப்பில் அடங்கிவிடும் சின்ன டேட்டாபேஸைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் ஒரு கருவி எழுதி, அதன் நிரலையும் சேர்த்து இணையத்தில் போட்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என் மனைவியைத் தவிர யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். வாடிக்கையாளர்களின் அளவுகளை நோட்டிலிருந்து என் கருவிக்கு மாற்றச் சொல்லி ஒரு மாதம் கெஞ்சினேன்; அப்புறம்தான் மாற்றினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர்கள் அளவு கொடுக்கக் காத்திருக்கும்போது, மதியம் போன் செய்தாள்.

"சேவ் பண்ணா 'லாக்', பூட்டியிருக்குன்னு வருதுங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா நான் நோட்டுக்கே போயிடுவேன்."

இருக்கிற ஒரே பயனரும் போய்விட்டால் அப்புறம் யாருக்காக எழுதுவது? ஆனாலும் கெத்தை விட முடியுமா? "போன்ல சொல்லக் கூடாதும்மா. இணையத்துல என் கருவியோட பக்கம் இருக்குல்ல, அதுல புகார் போடு. அதான் முறை" என்றேன்.

போட்டாள். பிழையை மறுபடி வரவழைப்பது எப்படி என்று நான் கேட்டிருந்த கட்டத்தில் எழுதியிருந்தாள்: "1. இவரைக் கல்யாணம் பண்ணிக்கணும். 2. ஆபீஸ் போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் தொட விடணும். 3. சேவ் அழுத்தணும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உலகமே பார்க்கிற இடம்! "என் கணினியில் சரியாக வேலை செய்கிறது" என்று பதில் எழுதிப் புகாரை மூடினேன். எங்கள் தொழிலில் இதை எழுதாதவன் கிடையாது.

பஸ்ஸில் திரும்பும்போது பார்த்தால், மூடிய புகாருக்குக் கீழே முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தார்: "அக்கா, வேற விண்டோல எதையாவது பாதியில விட்டுட்டுப் போயிருக்காரா பாருங்க. அவர் முடிக்காம நீங்க எழுத முடியாது. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அப்படியேதான். காலையில் என் கருவியை நானே அழகு பார்க்கத் திறந்து, ஒரு திருத்தத்தைத் தொடங்கி, முடிக்காமல் சுருக்கி வைத்த விண்டோ திரைக்கு அடியில் கிடந்தது. அதை மூடியதும் சேவ் ஆனது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிது.

"பாத்தியா? நம்ம கருவிய இன்னொருத்தங்களும் யூஸ் பண்றாங்க! ரெண்டு பேர் ஆயிட்டீங்க!"

அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவள் அளவு எழுத ஒரு புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு இல்லங்க, ஒண்ணுதான். அவங்களையாவது போன்ல பேச விடுங்க."