முப்பதில் அவளுடையது எத்தனை

சலவைக்கூடத்தில் அவரை ஹெட்போன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற இடம் அது. ஆள் உயரத்துக்கு ஆறு வாஷிங் மெஷின்கள் வரிசையாக நின்று உருளும். புதிதாக வேலைக்கு வருகிறவன் அரை நாளில் தலைவலி என்று உட்கார்ந்துவிடுவான். இவருக்கோ அந்தச் சத்தம் இனிக்கும். மூன்றாவது மெஷின் நாலு சுற்றுக்கு ஒருமுறை கொஞ்சம் பிந்தி உதைக்கும். அந்தப் பிந்தலில்தான் தாளமே இருக்கிறது என்று, கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வார். எலெக்ட்ரானிக் இசையில் அவருக்குப் பித்துப் பிடித்தது இப்படித்தான். மெஷின் வாசிக்கிற பாட்டில் என்ன உயிர் இருக்கும் என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

"உயிரா? ஒரே சுரம் ஆறு நிமிஷம் அசையாம நிக்குதே, அப்படி நிக்க எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா?" என்று பிடித்துக்கொள்வார்.

அவரிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது. பீட் முதல் நிமிஷத்திலேயே வந்துவிட்டால் அது பொறுமையில்லாதவன் போட்ட பாட்டு. பாடுகிற குரல் விருந்தாளி மாதிரி வந்தோமா, இரண்டு வார்த்தை பேசினோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். லட்சம் பேர் கேட்ட பாட்டைச் சந்தேகத்தோடுதான் தொடுவார். எவனோ ஒருவன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து செய்து, நாற்பது பேர்கூடக் கேட்காத பாட்டொன்று அகப்பட்டுவிட்டால் போதும், அன்று முழுக்கப் புது மாப்பிள்ளை நடைதான்.

அவர் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் முன்மேசை வேலை. பகலெல்லாம் பல்லைத் துளைக்கிற சத்தம் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் மெஷினா? அவளுக்குப் பிடித்தது ஒருத்தி, ஒரு கிடார், ஒரு அறை. இண்டி என்று பேர் சொல்கிறார்களே, பெரிய கம்பெனி எதுவும் கை வைக்காத, வீட்டுக்குள்ளேயே பதிவு செய்த பாட்டுகள். பாடத் தொடங்குமுன் மூச்சு இழுப்பது கேட்க வேண்டும். நாற்காலி கிரீச்சிட்டால் இன்னும் விசேஷம். அவருடையதை அவள் கிரைண்டர் பாட்டு என்பாள். அவளுடையதை அவர் அழுமூஞ்சிப் பாட்டு என்பார். இருபத்துநாலு வருஷக் கல்யாணத்தில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் பாட்டு ஆப்பில் இருவருக்கும் ஒரே கணக்கு. என்னென்ன கேட்டார்கள் என்று கவனித்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைதோறும் முப்பது புதுப் பாட்டுகளை அது பொறுக்கிக் கொடுக்கும். ஈருடல் ஓருயிர் என்று கல்யாணத்தில் வாழ்த்தினவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அதை நிஜமென்று நம்பியது இந்த ஆப் ஒன்றுதான். இருவரையும் ஒரே ஆளென்று நினைத்து, கிரைண்டரையும் அழுமூஞ்சியையும் கலந்து கட்டி அனுப்பும். திங்கள் காலை காபியோடு உட்கார்ந்து அதைப் பிரிப்பார்கள்.

"இது உன்னுது. மூக்கச் சிந்திக்கிட்டே பாடறா பாரு," என்பார் அவர்.

"அவளுக்கு மூக்காவது இருக்கு. உங்க ஆளுக்கு மூஞ்சியே இல்லியே!" என்பாள்.

முப்பதில் யாருடையது அதிகமோ அவர்களுடைய டம்ளரை மற்றவர் கழுவ வேண்டும். இதுதான் பந்தயம்.

அவள் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் இல்லை. இதற்கு மேல் நீட்டிச் சொல்ல அவராலும் முடியாது, எனக்கும் மனசில்லை.

மூன்று வாரம் அவர் ஹெட்போனைத் தொடவில்லை. நாலாவது திங்கள் கை தானாகப் போய் ஆப்பைத் திறந்தது. முப்பதில் பதிமூன்று அவளுடையது! ஆள் இல்லை என்று அதற்கு யார் சொல்வது? பாவம், அவளுக்காக எங்கெல்லாமோ தேடி எடுத்து வந்திருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை. நம்பினால் நம்புங்கள், சந்தோஷம் வந்தது. இந்த உலகத்தில் ஏதோ ஒன்றின் கணக்கில் அவள் இன்னும் இருக்கிறாள்.

அந்தத் தெம்பில் வேலைக்குப் போனார், பழையபடி தன் பாட்டைப் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த திங்கள்களில் அவளுடையது ஒன்பதானது, ஐந்தானது. இரண்டு என்று வந்த அன்று பட்டியலைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அவர் கேட்கிறார், அவள் கேட்பதில்லை. அவள் இல்லை என்பது ஆப்புக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அன்றோடு கிரைண்டர் பாட்டுக்குக் கும்பிடு போட்டார். பொழுது விடிந்தால் கிடார், பொழுது சாய்ந்தால் கிடார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் மனிதர் அதையும் முழு மூச்சாகச் செய்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேரின் பாட்டுகள் சீக்கிரம் தீர்ந்துபோயின. புதிது வேண்டுமே! முன்பின் தெரியாத பெண்களைத் தேடிப் பிடித்தார். ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்து பாடியிருந்தாள். குரல் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே கண்டுபிடித்தார். இன்னொருத்தி மழைக்குக் கதவைச் சாத்தாமல் பாடியிருந்தாள். ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஒரு கேள்வியால்தான் சலித்தார்: பாடுகிறவள் அழுகிறாளா, இல்லையா? அழுதால் அது மனைவியுடையது. இதயக் குறியை அழுத்திவிடுவார். அழாதவளைப் பாதியில் தள்ளிவிடுவார். திங்களுக்குத் திங்கள் எண்ணிக்கை ஏறியது. ஆறு, பதினொன்று, இருபது. மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "இன்னிக்கு இருபத்திநாலு!" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

வெளியூரில் நர்ஸாக இருக்கிற மகள் லீவில் வந்திருந்தபோதுதான் அது நடந்தது. திங்கள் காலை ஆப்பைத் திறந்தார். முப்பதும் கிடார். முப்பதும் பெண்கள்.

"இங்க வாம்மா, வா. உங்கம்மா ஜெயிச்சுட்டா. முப்பதுக்கு முப்பது!"

அவர் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் மகளுக்கு விஷயமே தெரிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடக் காலத்தில் பஸ்ஸில் அம்மாவோடு ஆளுக்கொரு காதாக இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். முதல் பாட்டைப் போட்டுவிட்டு, பரீட்சை எழுதினவர் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்.

"எப்படி?"

"அம்மாவுக்கு இது பிடிக்காதுப்பா."

"சும்மா சொல்லாத. உங்கம்மா பாட்டு எல்லாமே இப்படித்தான். ஒரே ஒப்பாரி."

"இல்லப்பா. அம்மா பாட்டுல யாருமே அழ மாட்டாங்க. அழுக வர்ற எடத்துல அடக்கிக்கிட்டு மேல பாடிருவாங்க. அந்த எடத்துக்காகத்தான் அம்மா கேப்பாங்க. அழுதுட்டா, 'நமக்காப் புரியும்னு இவ நம்பல'ன்னு அடுத்த பாட்டுக்குப் போயிருவாங்க."

அவர் இரண்டாவதைப் போட்டார். மகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மூன்றாவதற்கும் அப்படியே. ஏழாவது பாட்டில் கொஞ்சம் நிதானித்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாடினவள் தேம்பினாள், மகள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். அம்மா விஷயத்தில் அவளுக்குப் பொய் வரவில்லை.

அழுமூஞ்சி என்பது கேலிக்கு அவர் வைத்த பெயர். இருபத்துநாலு வருஷம் அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லி, பாட்டை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாதவனுடைய பாட்டையெல்லாம் கண்டுபிடித்தவர், பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தவளைக் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை மாதமாக அவர் காப்பாற்றி வைத்தது அவளை இல்லை, அவளைப் பற்றித் தனக்கிருந்த அபிப்பிராயத்தை.

முப்பதாவது பாட்டும் முடிந்தது.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்லப்பா."

"அப்ப உங்கம்மா போயிட்டாளா?" இப்போதுதான் சேதி வந்தவரைப் போலக் கேட்டார்.

"போயிட்டாங்கப்பா," என்றாள் மகள்.

அவர் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதது, பதினாலு மாதமாக அழாதது, எல்லாம் சேர்த்து வாய்விட்டு, தோள் குலுங்க, "ஐயோ, ஐயோ" என்று அழுதார். வேலைக்குக் கிளம்புகிற நேரம் தாண்டியும் நிற்கவில்லை. மகள் ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே சலவைக்கூடத்துக்குப் போன் செய்தாள், அப்பா இன்றைக்கு வரமாட்டார் என்று. ஏன், என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா இறந்துட்டாங்க என்று சொல்ல வாயெடுத்தவள், சுதாரித்துக்கொண்டு, உடம்பு சரியில்லை என்றாள்.